கிழக்கே தலை வைத்த பாட்டு

அன்றைக்கு எங்கள் நிலக்கரி மலையில், ஸ்லேட் லிக் சர்ச்சின் கல்லறை மேட்டில் இருந்தவர்கள் இவர்கள்:

பிரதர் ஆர்பின் ஸ்லோன். நுரையீரலில் பாதியைச் சுரங்கத்தில் விட்டுவிட்டு மிச்சத்தோடு மேலே வந்தவர். மூக்கில் குழாய், பக்கத்தில் சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டர்.

மர்ட்டில் கார்னெட். அவளுடைய கோழிக் குழம்பும் அதில் மிதக்கிற மாவுருண்டையும் வராவிட்டால் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். வாய்ப்பேச்சிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

வென்டெல். அலபாமாக்காரர். கோய் ஹார்லனுக்கு ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவர்.

லைல், மானேஜர். ஈரப் புல்லைக் கண்டால் பயப்படுகிற காலணி போட்டவன்.

ஷெரில் என்று ஒரு டைரக்டர், நியூயார்க்கிலிருந்து வந்தவள். அவளோடு கேமராவும் மைக்கும் பிடித்த ஆட்கள்.

ஸ்லோன்கள், கார்னெட்டுகள், கோம்ப்ஸ்கள், பிள்ளைகுட்டிகளோடு.

கோய் ஹார்லன். அவனை நீங்கள் ரேடியோவில் கேட்டிருப்பீர்கள்.

நான், நெட்ரா ஸ்டாம்பர்.

மண்ணுக்குள்ளே என் அப்பா. அவருக்கு இடது கைப் பக்கம் என் தம்பி ஹோபார்ட்.

யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டுத் தொழில் நடக்கிற நாஷ்வில்லில் ஒரு வழக்கம். பாட்டுக் கட்டும்போது அந்த அறையில் யார் இருந்தார்களோ அத்தனை பேருடைய பெயரும் பாட்டின் மேல் வரும். ஒரே ஒரு வார்த்தை கொடுத்தவனுக்கும் பெயர் உண்டு, மூலையில் உட்கார்ந்து காப்பி குடித்தவனுக்கும் உண்டு. என் தம்பி பாட்டுக் கட்டிய அறையில் எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள். பிற்பாடு கேட்டபோது, அங்கே தான் மட்டும்தான் இருந்ததாக ஒருவன் சொல்லிவிட்டான்.

அவனுக்கு அப்போது பெயர் கீத் வாண்டர்மீர். ஊர் ஃப்ளோரிடா. அவனுடைய அப்பா வீட்டுத் தோட்டங்களில் நீச்சல்குளம் கட்டிக் கொடுக்கிறவர். நாஷ்வில்லில் ஒரு சலவைக்கடைக்கு மேலே அவனும் ஹோபார்ட்டும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். ஹோபார்ட்டுக்குப் பாட்டு வரும், மேடை வராது. முன்பற்கள் போய்விட்டன. ஆட்களைப் பார்த்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பாடுவான். கீத்துக்குப் பாட்டு வராது. ஆனால் உயரமும் தாடையும் இருந்தன, வெண்ணெய் மாதிரிக் குரல் இருந்தது, டேப் ரெக்கார்டரும் அவனுடையது. ஹோபார்ட் சமையல் மேசையில் உட்கார்ந்து பாடுவான். கீத் பதிவு செய்வான். எங்கள் மலைப்பேச்சையும் அவன் அந்த மேசையில்தான் கற்றுக்கொண்டான்.

எங்கள் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஹோபார்ட் ஊருக்கு வந்தான். திரும்பிப் போனபோது அறை காலி. மேசை இருந்தது, டேப்புகள் இல்லை.

அடுத்த வருஷம் நிலக்கரி லாரி ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஹோபார்ட் தன் பாட்டை ரேடியோவில் கேட்டான். 'விளக்கு மட்டும் மேலே வந்தது.' எங்கள் அப்பா சுரங்கத்தில் செத்ததைப் பற்றிய பாட்டு. பாடியது, எழுதியது எல்லாம் கோய் ஹார்லன். ஹார்லன் எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தின் பெயர். கீத் தனக்குக் கோய் என்று பெயர் வைத்து, அந்த மாவட்டத்தைப் பிடுங்கிப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டான்.

ஹோபார்ட் லாரியை ஓரங்கட்டிவிட்டு நேரே நாஷ்வில் போனான். புது வீடு, பெரிய கதவு. கீத்தே வந்து திறந்தான், யாரென்று பார்த்தான், மூடினான். திரும்பி வந்து என்னிடம் ஹோபார்ட் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: "உள்ள தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டுச்சுக்கா."

அதற்குப் பிறகு அவன் பாடவில்லை. லாரி ஓட்டினான், குடித்தான். ஒரு பனிக்காலத்தில் ஆற்று வளைவில் லாரி சாலையை விட்டு இறங்கியது. அன்றைக்கும் குடித்திருந்தான். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அடக்கத்துக்குக் கோய் ஹார்லன் தொப்பி வடிவத்தில் ஒரு பெரிய பூவளையம் அனுப்பினான். மர்ட்டில் அதைக் கொண்டுபோய்த் தன் கோழிக்கூண்டுக்குள் எறிந்தாள்.

அவன் மேலே போய்க்கொண்டே இருந்தான். விருதுகள், தங்க முலாம் பூசிய இசைத்தட்டுகள், சோற்றுத்தட்டு அளவுக்கு பெல்ட் பக்கிள், பக்கவாட்டில் தன் முகத்தையே வரைந்த பஸ், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மனைவிகள். எல்லாப் பாட்டும் ஹோபார்ட்டின் டேப்புகளில் இருந்து வந்தவை. பாட்டோடு விட்டிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. ஒரு நாள் டெலிவிஷனில் உட்கார்ந்து தூக்குவாளிக் கதையைச் சொன்னான்.

சுரங்கத்துக்குப் போகிற எந்தத் தகப்பனும் தூக்குவாளியில் பிள்ளைகளுக்கென்று எதையாவது மிச்சம் வைத்துத்தான் கொண்டுவருவான். அப்பா செத்த அன்றைக்குக் கம்பெனி ஆட்கள் அவருடைய வாளியைக் கொண்டுவந்து வாசல் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் திறந்தேன். அடித்தட்டில் பாதி ஆப்பிள் பை, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம், இருந்தது. அதை இரண்டாக்கி ஹோபார்ட்டுக்கு ஒன்று கொடுத்தேன். அம்மா பார்ப்பதற்குள் தின்றுவிட்டோம்.

டெலிவிஷனில் கோய் ஹார்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அந்த வாளிய நாந்தான் தொறந்தேன்."

எதிரில் உட்கார்ந்து பேட்டி எடுத்த பெண்ணும் அழுதாள். ஃப்ளோரிடாவில் அவனுடைய அப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கோய் ஹார்லன் தன் வாயால், ஆட்கள் முன்னால், ஹோபார்ட் ஸ்டாம்பர் என்ற பெயரைச் சொல்ல வேண்டும். அவனுடைய காசு எனக்கு வேண்டாம். அவன் மன்னிப்பும் வேண்டாம்.

டேப்புகளில் இருந்த பாட்டுகள் தீர்ந்தன. பிற்பாடு அவனே எழுதிய பாட்டுகள் வந்தன, ஒன்றும் எடுபடவில்லை. இறுக்கமான ஜீன்ஸும் புதுத் தொப்பியும் போட்ட சின்னப் பையன்கள் ரேடியோவைப் பிடித்துக்கொண்டார்கள். கோய் ஹார்லன் கண்காட்சிகளில் பாட ஆரம்பித்தான், பன்றிப் பந்தயத்துக்கும் டிராக்டர் இழுப்புப் போட்டிக்கும் நடுவில். பனி உருகுகிற சமயத்தில் எனக்கு லைலிடமிருந்து போன் வந்தது. கோய் 'வீடு திரும்புகிற' ஒரு படம் எடுக்கிறார்களாம். கல்லறைகளுக்குப் பூ வைக்கிற ஞாயிறன்று எங்கள் சர்ச் மேட்டில் எடுக்கலாமா என்று கேட்டான். சர்ச்சைக் கூட்டிப் பெருக்குகிறது நான், சாவியும் என்னிடம்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அவனையே வந்து கேட்கச் சொல்லுங்க" என்றேன்.

வந்தான். லைலோடு என் வீட்டுக்கு, வாடகைக்கு எடுத்த பழைய பிக்கப் வண்டியில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

"நெட்ராக்கா."

அக்கா. அதையும் என் தம்பியிடமிருந்துதான் எடுத்திருந்தான்.

"வா கீத்."

சிரித்தான். "அந்தப் பேர இப்ப எங்கம்மாகூடச் சொல்றதில்லக்கா."

"உங்கப்பா?"

லைல் கூரையைப் பார்த்தான்.

"நீச்சல்குளம் வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"ரிட்டயர் ஆயிட்டாரு" என்றான் கீத், சன்னமாக.

"நல்லா இருக்கட்டும். சுரங்கத்துல செத்ததுக்கு அப்புறம் நீச்சல்குளம் கட்டுறது சாமானியப்பட்ட வேலையில்ல."

லைலுக்கு இருமல் வந்துவிட்டது. கீத் கோபப்படவில்லை. கோபப்படுகிற நிலையில் அவன் இல்லை. நான் வைத்த காப்பியைக் குடித்தான். ஹோபார்ட்டின் போட்டோவை எடுத்துப் பார்த்தான், திருப்பி வைத்தான். பிறகு கேட்டான்: "அக்கா, அவன் ஏதாச்சும் விட்டுட்டுப் போயிருக்கானா? நான் கேக்காத பாட்டு எதுனா?"

இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்பது போன் வந்தபோதே எனக்குத் தெரியும்.

"ஒண்ணு இருக்கு. கடைசியாக் கட்டினது" என்றேன். "எங்கிட்ட மட்டும் பாடிக் காட்டினான்."

அந்தப் பாட்டைக் கட்டியது நான். முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை பார்த்துக்கொண்டே, துணி உலர்த்துகிற மெஷின் சுற்றுகிற சத்தத்தில் கட்டினேன். நன்றாகவே வந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஹோபார்ட்டுக்குப் பாட்டு எங்கிருந்து வந்ததோ அதே வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அப்பாவை அடக்கம் செய்கிற பாட்டு. திரும்பத் திரும்ப வருகிற அடியில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்தேன்:

கிழக்கே தலைவைத்து அப்பாவைக் கிடத்தினோம்,
முதல் வெளிச்சம் அவர் நெற்றியில் விழட்டும் என்று.

கேட்க அழகாக இருக்கும். எங்கள் மலையில் யாரும் அப்படிக் கிடத்த மாட்டார்கள். தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எழுந்து உட்கார்ந்தால், கிழக்கிலிருந்து வருகிற கர்த்தரை முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். பால் குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். அப்பாவுக்குக் குழி வெட்டுவதைப் பார்த்தவனுக்குத் தெரியாமல் இருக்கவே முடியாது.

மேசையில் உட்கார்ந்து பாடினேன். அவனுடைய சின்ன ரெக்கார்டர் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அடி வந்தபோது நான் அவன் முகத்தையே பார்த்தேன். ஒரு புருவம் அசைந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

கீத் கண்ணை மூடித் தலையாட்டினான். "அந்த நெத்தி வரி இருக்கே... எப்படிக்கா அவனுக்கு இப்படியெல்லாம் தோணுது?"

"தோணும்" என்றேன். "யார் பேரப் போடுவ?"

என் கையைப் பிடித்தான். கை வழவழவென்று இருந்தது. "இந்தத் தடவ சரியாச் செய்வேன்கா. சத்தியமா."

"செஞ்சா எனக்கு ஒரு போன் பண்ணு. பாட்டுல ஒரு வார்த்தை மாத்தணும். அப்பச் சொல்றேன்."

சரியாகச் செய்திருந்தால் அந்த அடியைத் திருத்திக் கொடுத்திருப்பேன். மே மாதம் வந்தும் போன் வரவில்லை.

பூ வைக்கிற ஞாயிறு வெயிலோடு விடிந்தது. முந்தின நாளே புல் வெட்டியாயிற்று. பெண்கள் மெழுகில் முக்கிய காகித ரோஜாக்களைக் கொண்டுவந்து ஒவ்வொரு கல்லுக்கும் வைத்தார்கள். மரத்தடியில் நீள மேசை. மேலே மூடிவைத்த பாத்திரங்கள்.

கேமராக்காரர்கள் மேப்பிள் மரத்தின் கீழே கோய் ஹார்லனை உட்கார வைத்தார்கள். நான் சோளரொட்டித் தட்டோடு பக்கத்தில் நின்றேன்.

"இந்தப் புதுப் பாட்டு எப்படி வந்துச்சு கோய்?" என்று ஷெரில் கேட்டாள்.

"அமரில்லோ பக்கம் பஸ்ஸுல போய்க்கிட்டிருந்தேங்க. நல்ல மழை. கண்ணாடியில தண்ணி வழியிறதப் பாத்தேன், எங்கப்பாவப் பொதைச்ச நாள் ஞாபகம் வந்துருச்சு. ஒரே மூச்சுல எழுதி முடிச்சேன். முடிக்கும்போது அழுதுட்டேன்."

"தனியாவா எழுதினீங்க?"

"தனியாத்தாங்க."

நான் அங்கே நிற்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். என்னைப் பார்த்து லேசாகப் புன்னகை செய்தான், வேலைக்காரிக்குச் செய்கிற மாதிரி. இவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்று நினைத்திருப்பான். நான் தட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு மேட்டின் உச்சியில் கல்லறைகளுக்கு நடுவே நின்று பாடினான். வென்டெல் ஸ்டீல் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். எத்தனையோ சொன்னாலும் அவனுக்குக் குரல் உண்டு. முதல் நான்கு வரிக்கே கோம்ப்ஸ் வீட்டுப் பெண்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள்.

அந்த அடி வந்தது. கைக்குட்டைகள் பாதி வழியில் நின்றன. சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பாகக் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாம் தடவை வந்தபோது மர்ட்டில் சத்தமாகவே கேட்டாள்: "எங்க தலையவாம்?"

மூன்றாம் தடவை பின்னால் யாரோ சிரித்தார்கள். கோய் ஹார்லன் அதையும் உருக்கம் என்று எடுத்துக்கொண்டு கண்ணை இன்னும் இறுக்க மூடிப் பாடி முடித்தான்.

யாரும் கை தட்டவில்லை. ஆர்பினுடைய ஆக்ஸிஜன் சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி" என்றார் ஆர்பின். "கொரலு நல்லாருக்கு."

"ரொம்ப நன்றிங்கய்யா."

"உங்கப்பா எங்க படுத்திருக்காரு?"

"இந்த மலையிலதாங்கய்யா. எங்கயோ..."

"எங்கயோவா? பொதைச்ச எடம் தெரியாதா?"

"நான் அப்பச் சின்னப் பையங்கய்யா."

"சரி. அவரக் கிழக்கே தலைய வச்சா படுக்க வச்சீங்க?"

"ஆமாங்கய்யா. வெளிச்சம் மொகத்துல விழணும்னு."

"அப்ப அந்த மனுஷன் கடைசி நாள்ல எந்திரிச்சு உக்காந்தா கர்த்தருக்கு முதுகக் காட்டிக்கிட்டில்ல உக்காருவாரு?" என்றாள் மர்ட்டில். "பாவம், 'எங்கய்யா வெளிச்சம்'னு மேற்கப் பாத்துத் தேடிக்கிட்டிருப்பாரு."

மேடு முழுவதும் சிரிப்பு. ஆர்பின் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி நீட்டிக் காட்டினார். "சுத்திப் பாரு தம்பி. அத்தன பேரும் கிழக்கே காலை நீட்டிப் படுத்திருக்காங்க. ஒருத்தனத் தவிர. அதோ வேலியோரம், ஈசா ப்ளெட்சோ. பொண்டாட்டியையும் மாமியாரையும் சுட்டவன். அவனத்தான் திருப்பிப் போட்டோம். உங்கப்பா யாரச் சுட்டாரு?"

கோய் ஹார்லன் கல்லறைகளைப் பார்த்தான். எல்லாக் கற்களும் ஒரே திசையில் நிற்பதை அவன் அன்றைக்குத்தான் பார்த்திருக்க வேண்டும். கழுத்து சிவந்தது.

"கேமராவ நிறுத்துங்க" என்றான் லைல்.

"ஓடட்டும்" என்றாள் ஷெரில்.

"நான் எழுதல!" என்று கத்தினான் கோய் ஹார்லன். மலைப்பேச்சு அவனை விட்டுக் கழன்று விழுந்துவிட்டது. ஃப்ளோரிடாவில் நீச்சல்குளம் கட்டுகிறவர் பையன் பேசுகிற பேச்சு வந்தது. "அந்த வரியை நான் எழுதலை. ஹோபார்ட் எழுதினான். ஹோபார்ட் ஸ்டாம்பர். தப்புன்னா அவனைத்தான் கேக்கணும்." கல்லைச் சுட்டிக் காட்டினான். என் தம்பியின் கல்லை.

இத்தனை வருஷமாக நான் கேட்க நினைத்த பெயர். கேட்டுவிட்டேன். எச்சில் துணியை வீசுவதுபோல அதை வீசினான். எத்தனையோ நல்ல வரிகளுக்குச் சொல்லாத பெயரை ஒரு தப்பான வரிக்குச் சொன்னான். ஜனங்கள் எல்லோரும் ஹோபார்ட்டின் கல்லைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்பினின் முகம் வாடியது. "ஹோபார்ட்டா? அவன் அப்பனுக்குக் குழி வெட்டுனப்ப மண்ணெடுத்த பையனாச்சே..."

இந்த இடத்தை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. சும்மா நின்றால் தப்பு ஹோபார்ட்டின் தலையில் போகும். பேசினால் நான் பொறி வைத்தவள் என்பது ஊருக்குத் தெரியும். தெரியட்டும்.

"ஹோபார்ட் எழுதல" என்றேன். "நான் எழுதினேன். தெரிஞ்சேதான் தப்பா எழுதினேன். இவனுக்காக."

கோய் ஹார்லன் என் பக்கம் திரும்பினான். "நீதானே ஹோபார்ட் பாட்டுன்னு சொல்லிக் கொடுத்த! பொய் சொல்லி ஏமாத்தியிருக்க!"

"ஆமா."

"எல்லாரும் கேளுங்க, இவளே ஒத்துக்கிட்டா! ஹோபார்ட் பாட்டுன்னு சொல்லித்தான் கொடுத்தா!"

"அப்ப ஹோபார்ட் பாட்டுன்னு தெரிஞ்சுதான் உன் பேரப் போட்டுக்கிட்டியா?" என்று கேட்டார் ஆர்பின்.

கோய் ஹார்லன் லைலைத் திரும்பிப் பார்த்தான்.

"அமரில்லோல மழை பெஞ்சுதே கோய்?" என்றாள் ஷெரில், ரொம்ப மரியாதையாக.

"செத்தவன் பாட்டுன்னு நெனச்சே இத எடுத்தன்னா, மத்த பாட்டெல்லாம் யாரோடது?" என்றார் ஆர்பின். மூச்சு வாங்கியது, சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "விளக்குப் பாட்டு யாரோடது? அந்தத் தூக்குவாளி யார் வீட்டுது?"

பெட்டிமேல் உட்கார்ந்தபடியே வென்டெல் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்க ஊர்லயும் கிழக்கே காலைத்தான் நீட்டுவோம்" என்றார் யாரையும் பார்க்காமல். "முதல் ஒத்திகையிலயே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்யா சொல்லல?" என்று லைல் அலறினான்.

"எனக்கு வாசிக்கிறதுக்குத்தானே சம்பளம்."

அவர் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மேசைக்குப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். மர்ட்டில் அவருக்கு இரண்டு கரண்டி அதிகமாகவே போட்டாள்.

கோய் ஹார்லன் நடந்தான். பஸ் மேட்டுக்குக் கீழே, சாலையில் நின்றிருந்தது. அதற்குப் போக வேண்டுமானால் ஜனங்களையும் மேசையையும் தாண்ட வேண்டும். சர்ச் பக்கத்தில் இருந்தது. உள்ளே போய்விட்டான். லைல் கேமரா டேப்பைக் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தான். ஷெரில் அதை எப்போதோ தன் காருக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நான் உள்ளே போனேன். எங்கள் சர்ச்சுக்கு இரண்டு கதவு, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெண்கள் கதவுக்கு எப்போதோ ஆணி அடித்தாயிற்று. அதனால் போகவும் வரவும் ஒரே வழிதான்.

முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தொப்பி பக்கத்தில். உச்சியில் முடி இல்லை; தொப்பி இல்லாமல் அவனை எந்தப் படத்திலும் பார்க்க முடியாததற்குக் காரணம் தெரிந்தது.

"என்ன வேணும் உனக்கு?" என்றான். "அவன் பேரைப் போடணுமா? போடுறேன். எல்லாப் பாட்டுலயும் போடுறேன். திங்கக்கிழமையே லைலை விட்டு..."

"போட்டுத்தான் ஆகணும். கேமரா டேப் ஷெரில்கிட்ட இருக்கு. அதுக்கு உன் தயவு தேவையில்ல."

"அப்புறம் என்ன?"

அவன் முழங்கையை முட்டியில் ஊன்றி, தரையைப் பார்த்துப் பேசினான். "அவன் பாடினா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. உனக்கே தெரியும். அந்தப் பல்லில்லாத வாயோட, செவுத்தப் பாத்துக்கிட்டு... நான் இல்லேன்னா அந்தப் பாட்டெல்லாம் சலவைக்கடை மாடியிலேயே செத்திருக்கும்."

"தெரியும்" என்றேன். உண்மைதான். அதை மறுக்க நான் வரவில்லை. "உன்னப் பாட வேணாம்னு யாரு சொன்னது? கட்டினவன் பேரச் சொல்லுன்னு கேக்கத்தான் ஹோபார்ட் உன் வாசலுக்கு வந்தான். நீ தாழ்ப்பாள் போட்ட."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த நாள் அவனுக்கு ஞாபகம் இருந்தது. முகத்தில் தெரிந்தது. மறந்திருப்பானோ என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

"பயந்துட்டேன்கா."

"'அக்கா'ங்கற அந்தச் சொல்லக் கீழ வை. அது உன்னோடதில்ல."

வெளியே தட்டுகள் மோதுகிற சத்தமும் பிள்ளைகள் ஓடுகிற சத்தமும் கேட்டன. யாரும் கிளம்புகிற மாதிரித் தெரியவில்லை. அவனும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தான்.

"அவங்கெல்லாம் போற வரைக்கும் இங்கயே இருந்துக்கறேன்" என்றான். "இருட்டினதும் போயிடறேன்."

"முடியாது. கூட்டிப் பெருக்கணும்."

"கொஞ்ச நேரம்..."

"யாரும் உன்ன அடிக்க மாட்டாங்க. கெட்ட வார்த்தகூடச் சொல்ல மாட்டாங்க. பூ வைக்க வந்தவங்க யாரா இருந்தாலும் சாப்பிடாம அனுப்ப மாட்டோம். மர்ட்டில் உனக்குத் தட்டுப் போட்டு வச்சிருக்கா. ஆர்பினுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டிருக்கு. உங்கப்பாவப் பத்திக் கேக்கணும்னு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. எந்தச் சுரங்கம், எந்த வருஷம், கூட யார் யார் இருந்தாங்கன்னு. அவங்கள்ல பாதிப் பேரு அந்தச் சுரங்கங்கள்ல வேலை பாத்தவங்க. எல்லாரையும் தெரியும் அவங்களுக்கு."

"நெட்ரா, தயவுசெஞ்சு."

நான் தொப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். வெயில் உள்ளே வந்து பெஞ்சுவரைக்கும் நீண்டது. மேசையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

அவன் எழுந்தான். வாசலில் ஒரு முறை நின்றான். பிறகு படியில் கால் வைத்தான்.

"கீத் தம்பி, வாப்பா" என்று கூப்பிட்டாள் மர்ட்டில், தட்டைத் தூக்கிக் காட்டி. "கொழம்பு ஆறுது. வந்து உக்காந்து உங்கப்பா கதையச் சொல்லு."

அவன் சட்டென்று திரும்பி உள்ளே வரப் பார்த்தான். நான் உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தினேன். சாவியைத் திருப்பினேன். அவன் அந்தப் பக்கம் நின்றிருந்தான். பூட்டு விழுகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்.